மலைப் பயணமும் வாந்தி மாத்திரையும்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "மலைக்குப் போகிறோம், பேருந்தில் ஏறினாலே வாந்தி வருகிறது. மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?" கேட்பவர் நோயற்ற இளைஞரானால் விடை எளிது. வேறு நோய்க்காக ஏற்கெனவே மருந்து உட்கொள்பவரானால், விடை கூறுமுன் நாங்கள் சிலவற்றை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் உடல் திரும்புவதை உட்செவியின் சமநிலை உறுப்பு மூளைக்குத் தெரிவிக்கிறது. கைப்பேசியையோ முன்னிருக்கையின் முதுகையோ பார்த்திருக்கும் கண்களோ எதுவும் அசையவில்லை என்கின்றன. இம்முரண்பாடே குமட்டலாக வெளிப்படுகிறது. சாலையைப் பார்த்தபடி வளைவை எதிர்நோக்கும் ஓட்டுநருக்கு இத்தொல்லை அரிதாகவே வருவதன் காரணமும் இதுவே.

ஆகவே முதல் மருந்து இருக்கையில் இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்து, தலையை இருக்கையில் சாய்த்து, தொலைவில் உள்ள சாலையைப் பாருங்கள். படிப்பதையும் கைப்பேசியையும் தவிருங்கள். இரண்டு இட்லி போன்ற எளிய உணவு போதும். வயிறு நிறைய உண்பதும் வெறும் வயிற்றோடு கிளம்புவதும் நல்லதல்ல. இஞ்சி சிலருக்கு ஓரளவு பயன் தருகிறது. சமையலிலும் தேநீரிலும் சேரும் அளவு பொதுவாகத் தீங்கற்றது. எனினும் வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர், செறிவூட்டிய இஞ்சி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

இவற்றுக்கும் அடங்காதபோதுதான் மாத்திரை தேவைப்படுகிறது. புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னரிசின் ஆகியவை இதற்குரியவை. வாந்தி தொடங்கிய பின் இவை அதிகம் பயன்படா. மருத்துவர் கூறும் நேரப்படி, பயணத்துக்கு முன்னரே உட்கொள்ள வேண்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் மாத்திரைகள் பயணக் குமட்டலைத் தடுப்பதில் பெரிதும் உதவுவதில்லை. அன்றியும் சில இதய நோயாளிகளுக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும்.

பயண மாத்திரைகளில் பல, வயிற்றை அமைதிப்படுத்துவதோடு நில்லாமல் உடலின் வேறு இடங்களிலும் செயல்படுகின்றன. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் முற்றிலும் அடைபடலாம். குறுகிய கோண வகைக் கண் நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு அழுத்தம் திடீரென உயர்ந்து பார்வையே பாதிக்கப்படலாம். பார்க்கின்சன் நோயாளிக்குச் சின்னரிசின் நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் மிகுவிக்கலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மயக்கம் ஆழமாகும். முதியோர் குழப்பமடைந்து தடுமாறி விழவும் கூடும். வலிப்பு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே உட்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. வாகனம் ஓட்டுபவர் தூக்கம் தரும் எந்த மாத்திரையையும் உட்கொள்ளலாகாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரையைவிட வாந்தியே பெரிய இடர். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, வாந்திக்கு அஞ்சி உண்ணாமல் கிளம்பினாலோ, உண்டதை வழியில் வாந்தியெடுத்தாலோ சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், சோர்வு ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். அவற்றைப் பயணக் குமட்டல் என்றே உடன் வருவோர் எண்ணிவிடுகின்றனர். ஆகவே சர்க்கரை அளவிடும் கருவியைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அளவு 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். நினைவு மங்கியவருக்கு வாய்வழி எதுவும் கொடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. பயண நாளுக்குரிய அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

எல்லா வாந்தியும் வளைவினால் வருவதன்று. மார்பில் இறுக்கம், மூச்சுத் திணறல், தாங்கொணாத் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது இருப்பினும் 108-ஐ அழையுங்கள். வண்டி நின்று நெடுநேரமாகியும் வாந்தி அடங்காவிடில் அருகிலுள்ள மருத்துவரை நாடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, "இவற்றோடு எந்தப் பயண மாத்திரை ஒத்துப்போகும்?" என்று கேளுங்கள். அச்சீட்டு பயணத்திலும் உங்கள் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். மலையேறும் மகிழ்ச்சியைத் தவிர்க்குமாறு நாங்கள் கூறவில்லை. நலமாகச் சென்று நலமாகத் திரும்புமாறே வேண்டுகிறோம்.