நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்!

வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து நாலு காசு பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. என் பழைய மானிட்டரில் நேராகப் பார்த்தால் குங்குமச் சிவப்பு. சற்றே சாய்ந்தால் செங்கல் நிறம். எதை நம்பி அச்சுக்குக் கொடுப்பது? வீட்டுக்காரரோ, "பத்தாயிரத்துக்கு மேல முடியாதும்மா" என்றுவிட்டார்.

காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். டி.என். வகைத் திரையில் பக்கவாட்டில் நிறம் மாறும்; ஐ.பி.எஸ். வகையில் அவ்வளவாக மாறாது. அடுத்து, 'எஸ்.ஆர்.ஜி.பி. 99 சதவீதம்' என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். 1996-ல் வந்த நிற அளவுகோல் அது. 'என்.டி.எஸ்.சி. 45 சதவீதம்' என்றிருந்தால் நிறம் மங்கல்தான். 1920-க்கு 1080 புள்ளிகள் என்றால் 24 அங்குலம் போதும். 27 அங்குலத்தில் எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். விளையாட்டுக்கான அதிவேகத் திரைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கைப்பையில் கொண்டுபோன பழைய பத்திரிகையைத் திரையோரம் பிடித்துப் பார்த்தே வாங்கினேன். சீட்டுப் பணத்தில் 9,500 ரூபாய்க்கு முடிந்தது.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. திரை மூன்று நிற ஒளி. அச்சகம் நான்கு நிற மை. இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. முதலில் ஒரே ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்த பிறகே ஐந்நூறுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, காந்திபுரம், கோவை-12.