இல்லத்திலிருந்து காணும் குத்துச்சண்டையும் தேசாபிமானமும்

வலிந்து அடிப்பவருக்கே குத்துச்சண்டையில் வெற்றி என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வளவு எளிதன்று. கையுறையின் முன்புறம், விரற் கணுக்கள் உள்ள பாகம், நன்கு மூடப்பெற்று எதிரியின் முகத்திலோ, அரைக்கு மேற்பட்ட உடலின் முன்பாகத்திலோ தடையின்றிப் பதிதல் வேண்டும். தோளிலும் கரத்திலும் விழும் அடி எத்துணை ஓசை எழுப்பினும் கணக்கிற் சேராது. இவ்வொன்றை அறியாமையாலேயே, வீட்டிலிருந்து பார்ப்போர் தம் நாட்டவர்க்கு அநீதி நேர்ந்ததென்று அடிக்கடி கூக்குரலிடுகின்றனர்.

ஒலிம்பிக் பந்தயங்களில் ஸ்திரீகளின் குத்துச்சண்டை முதன்முதல் இடம்பெற்றது 2012-ஆம் ஆண்டு லண்டன் மாநகரிலாம். அப்போது எடைப் பிரிவுகள் 51, 60, 75 கிலோகிராம் என மூன்றே. மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் அம்மையார் 2002 முதல் 2010 வரை ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றவர். இடையே 2007-இல் இரட்டை ஆண்மக்களை ஈன்ற தாய். அப்பட்டங்கள் யாவும் 45 முதல் 48 கிலோ வரையுள்ள பிரிவுகளிற் கிடைத்தவை. லண்டனில் அப்பிரிவுகள் இன்மையால் தம்மினும் உயர்ந்த பெண்களோடு 51 கிலோவில் மோத நேர்ந்தது. ஆகஸ்டு 5-ஆம் தேதி போலந்தின் கரோலினா மிகல்சுக்கை 19-14 என்றும், மறுநாள் துனீஷியாவின் மரூவா ரஹாலியை 15-6 என்றும் வென்றார். 8-ஆம் தேதி அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ் எதிர்ப்பட்டார்.

அம்மாலை பொம்மிடியில் எங்கள் கூடத்தில் அயலாரும் சேர்ந்து பதினைவர் குழுமியிருந்தோம். தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டு அது. ஆதலின் சண்டையைக் காட்டிலும் விளக்கையே நாங்கள் அதிகம் நோக்கினோம் என்றால் மிகையாகாது. “பிள்ளை பெற்றவளை இப்படி அடிக்க விடலாமா?” என்று பாட்டியார் முதலில் முகஞ்சுளித்தார். புள்ளிகள் குறையவே, மத்தியஸ்தர்கள் தம் நாட்டவளுக்கே கொடுக்கிறார்கள் என்று இளைஞர் வெகுண்டனர். அதற்குள் கண்ணிமையாது நோக்கத் தொடங்கிவிட்ட பாட்டியாரே, “அந்தப் பெண்ணுக்குக் கை நீளமடா, இவள் கிட்டப் போகுமுன் அது வந்து சேர்ந்துவிடுகிறது” என்றார். அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. முடிவு 11-6. நூல் கற்றவர் கூறும் விளக்கமும் இதுவே: நீண்ட கரமுடையவர் தொலைவில் நின்றே இடக்கையால் நேர்க்குத்து விடுவர், குறுகிய கரமுடையவர் அதனூடே புகுந்தே அடிக்கவேண்டும்.

எனினும் இளைஞர் கொண்ட ஐயத்திற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1988-இல் ஸியோல் நகரில் அமெரிக்கரான ராய் ஜோன்ஸ் 86 குத்துக்களும், கொரியரான பார்க் ஸி-ஹுன் 32 குத்துக்களும் பதித்தனர் என்று எண்ணப்பட்டது. ஆயினும் மத்தியஸ்தர் ஐவருள் மூவர் கொரியருக்கே வெற்றியளித்தனர். அப்பதக்கத்தைப் பார்க் 2023-இல் நேரிற் சென்று ஜோன்ஸிடமே ஒப்புவித்தார். தம் நாட்டார் ஆரவாரித்த வெற்றியைச் சுமையாகச் சுமந்தவர் அவர்!

அவ்வூழலின் பின், 1992 முதல் விசைப்பொறி முறை வந்தது. ஒரு விநாடிக்குள் மூவர் பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. இதிலும் குறையுண்டு; முகத்திற் படும் குத்துப்போல் விலாவிற் படுவது எளிதிற் புலப்படாது. 2013 முதல் இம்முறை நீங்கி, சுற்றில் மேம்பட்டவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 என மதிப்பிடுகின்றனர்.

தோற்றவருக்குப் பதக்கம் ஏன் என்றும் பாட்டியார் வினவினார். அரையிறுதியில் தோற்ற இருவரையும் மீண்டும் மோதவிடாது, இருவர்க்கும் வெண்கலம் அளிப்பதே இவ்விளையாட்டின் வழக்கம். 2008-இல் விஜேந்தர் ஸிங்கும், 2021-இல் டோக்கியோவில் அஸ்ஸாமின் லவ்லினா போர்கோஹெயினும் பெற்றவை இத்தகையனவே. லண்டனில் மறுநாள் ஆடம்ஸ், சீனத்தின் ரென் சான்சானை 16-7 என வென்று, பெண்டிருள் முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பொன்னைப் பெற்றார். இளைஞர் எவரும் அதனைக் காண வரவில்லை. பாட்டியார் மட்டும் பெட்டியின் முன் அமர்ந்து முழுதும் பார்த்தார்.