வனக்காவலருக்கு என்ன வேண்டும்?

எங்கள் பந்திங்கில் புலி இல்லை. செம்பனைத் தோட்டமும் காட்டுப்பன்றியும்தான் உண்டு. நான் சிறுவயதில் பார்த்த புலி மரத்தாலானது. பக்கத்துக் கேரித் தீவில் மா மெரி பூர்வக்குடியினர் செதுக்கும், சங்கிலி பூட்டிய புலிச் சிற்பம் அது.

1950-களில் தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய 3,000 மலாயாப் புலிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி, இன்று எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு.

கடந்த விடுமுறையில் பல்கலைக்கழக நண்பர்களுடன் பகாங், மெராப்போவுக்குச் சென்றேன். அங்குள்ள சுங்கை யூ காடு, தாமான் நெகாராவைத் தித்திவாங்சா மலைத்தொடரோடு இணைக்கும் ஒடுங்கிய பாதை. மைகேட் கூட்டமைப்பு 2010 முதல் பொதுமக்களை அங்கே காட்டுநடைக்கு அழைத்துச் செல்கிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் வேட்டைக்காரர்கள் தயங்குவார்கள் அல்லவா?

நான் விலையுயர்ந்த காலணியுடன் போயிருந்தேன். வழிகாட்டிய பூர்வக்குடி அண்ணன் காலில் ‘அடிடாஸ் கம்போங்’ எனப்படும் மலிவான கறுப்பு ரப்பர் காலணி. அரை மணி நேரத்தில் என் காலணிக்குள் தண்ணீரும் அட்டைகளும் புகுந்துவிட்டன. அதுகூடப் பரவாயில்லை. ஒரு கண்ணியை ஒட்டியே நடந்தும் அது என் கண்ணில் படவில்லை!

“செபெந்தார்” என்று நிறுத்திக் காட்டினார். வில்லாக வளைத்துக் கட்டிய இளமரம். அதிலிருந்து இறங்கிய கம்பி. சருகுக்குள் மறைந்த சுருக்கு. விலங்கு அங்கேதான் கால் வைக்க வேண்டும் என்று இருபுறமும் குச்சிகளை நட்டிருந்தார்கள். கால் பட்டதும் மரம் நிமிரும். இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் இறங்கும். மானுக்கு வைத்த கண்ணியில் புலியும் சிக்கும். மான் மட்டுமே சிக்கினாலும் புலிக்கு இரை குறையும்.

நான் கம்பியைப் பிடுங்கப் போனேன். “ஜங்கான்” என்று தடுத்தார். முதலில் படம் எடுத்து, ஜிபிஎஸ் இடக்குறிப்பைப் பதிய வேண்டுமாம். எந்தத் தடத்தில், எந்த மாதத்தில் கண்ணிகள் பெருகுகின்றன என்பது இந்தப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ரோந்தை அங்கே அனுப்பலாம்.

வேட்டைத் தடுப்புக்காக 2019-இல் ‘ஒப்பராசி பெர்செபாடு கஸானா’ தொடங்கியது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் போலீசும் அதில் இணைந்தன. பின்னர் ஓய்வுபெற்ற பாதுகாப்புப் படையினரும் பூர்வக்குடியினரும் சமூக வனக்காவலர்களாகச் சேர்க்கப்பட்டனர். பேராக், ரோயல் பெலும் காட்டில் ஜஹாய் மக்களின் ரோந்துக் குழு ஒன்று இயங்குகிறது. அதன் பெயர் ‘மென்ராக்’. அவர்கள் மொழியில் மனிதர் என்று பொருள்.

ஜிபிஎஸ், கேமரா, செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் கடையில் கிடைக்கும். சருகுக்குள் கம்பியைக் காணும் கண் கிடைக்காது. அந்தக் கண்ணுள்ளவருக்கு மாதம் தவறாத சம்பளமும் காப்புறுதியும் இல்லையென்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். என்னைக் கேட்டால், இவ்விரண்டையும் தளவாடப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும்.

வீடு திரும்பியதும் தாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். ஒரு காலத்தில் தோட்டத்தில் பன்றிக்குக் கம்பி வைத்தவர் அவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, “முடிச்சுப் போட்டவன் கைதேர்ந்த ஆள்” என்றார்.

காட்டில் கண்ணியைக் கண்டால் பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணுக்குச் சொல்லலாம். அத்துறையில் வனவிலங்கு உதவியாளர் பணிக்கு எஸ்.பி.எம். தகுதியோடு விண்ணப்பிக்கலாம்; காலியிட அறிவிப்புகள் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் வரும்.