டீக்கடைப் பெட்டி பேசுவதற்கு முன்னால்...

கல்லாவுக்குப் பக்கத்தில், பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, “15 ரூபாய் பெறப்பட்டது” என்று கணீரென்று சொல்கிறதே, அதற்கு முந்தைய சில நொடிகளுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மலைத்துப்போவீர்கள்! மாஸ்டர் ஒரு டீயை ஆற்றி முடிப்பதற்குள், நான்கைந்து நிறுவனங்களின் கணினிகள் ஒன்றையொன்று கேள்வி கேட்டு, பதில் வாங்கி, சரிபார்த்து, கணக்கும் எழுதி முடித்துவிடுகின்றன. அத்தனையும் ஒரே ஒரு டீக்காக. வாங்க, அந்த 15 ரூபாயின் பின்னாலேயே நாமும் ஓடுவோம்!

முதல் நிறுத்தம், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அந்த க்யூஆர் அட்டை. அதன் பிறந்த ஊர் ஜப்பான், பிறந்த ஆண்டு 1994. கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. மதிய உணவு இடைவேளையில் ஹரா ‘கோ’ ஆட்டம் ஆடுவாராம். பலகை மேல் பரவிக்கிடக்கும் கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும்தான் அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்தன.

அட்டையின் மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் இருக்கின்றன அல்லவா? “குறியீடு இங்கேதான் இருக்கிறது” என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுப்பவை அவைதான். செய்தித்தாள், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சடித்த தாள்களையெல்லாம் அலசி, கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மிக அபூர்வமாக வருகின்றன என்று அந்தக் குழு தேடியது. கிடைத்த விடை 1:1:3:1:1. சதுரத்தின் நடுவே எந்தப் பக்கமாகக் கோடு இழுத்தாலும் இந்த விகிதம்தான் வரும். அதனால்தான் போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஸ்கேன் ஆகிறது! கட்டங்களுக்குள் பிழைதிருத்தும் கணக்கும் ஒளிந்திருக்கிறது. அதிகபட்சப் பாதுகாப்போடு அச்சடித்தால், சுமார் 30 சதவீதம் அழிந்துபோனாலும் செய்தியை மீட்டுவிடலாம். டீக்கறையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2021 நவம்பரில் நிர்மலா சீதாராமன் பகிர்ந்த வீடியோ நினைவிருக்கிறதா? அலங்கரித்த கங்கிரெட்டு மாட்டின் (நம்மூர்ப் பூம்பூம் மாடுதான்) நெற்றியில் க்யூஆர் அட்டை, எதிரே ஒருவர் போனை நீட்டி ஸ்கேன் செய்து காணிக்கை போடுகிறார்! கார் தொழிற்சாலையில் பிறந்தது மாட்டின் நெற்றிவரை வந்து சேர்ந்திருக்கிறது.

கடை அட்டைக்குள் இருப்பது என்னவோ கொஞ்சம்தான்: கடைக்காரரின் யுபிஐ முகவரி, பெயர், இன்னும் ஒன்றிரண்டு விவரங்கள். தொகையை நீங்கள்தான் தட்டுகிறீர்கள். அடுத்து பின் எண் கேட்கும் பக்கம் வருகிறதே, இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் இருக்கிறது. அந்தப் பக்கம் கூகுள் பேயுடையதும் இல்லை, போன்பேயுடையதும் இல்லை! யுபிஐயை நடத்தும் தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் எழுதிக்கொடுத்த துண்டு நிரல் ஒன்று ஒவ்வொரு செயலிக்குள்ளும் குடியிருக்கிறது. பின் எண்ணை வாங்குவது அதுதான். வாங்கிய கையோடு போனுக்குள்ளேயே பூட்டிவிடுகிறது. நீங்கள் என்ன தட்டினீர்கள் என்று செயலிக்குத் தெரியாது. சரியா தவறா என்று சொல்லக்கூடியது உங்கள் வங்கி மட்டும்தான்.

இனி ஓட்டம்தான். செயலியிலிருந்து அதற்குத் துணை நிற்கும் வங்கிக்கு, அங்கிருந்து கார்ப்பரேஷனின் மையக் கணினிக்கு. “இந்த முகவரி யாருடையது, எந்தக் கணக்கு?” என்று மையம் ஒரு பக்கம் விசாரிக்கிறது. பதில் வந்ததும் உங்கள் வங்கியைக் கூப்பிட்டு, “15 ரூபாய் கழித்துக்கொள்” என்கிறது. கழித்தாயிற்று என்ற பதில் வந்த பிறகே கடைக்காரர் பக்கத்து வங்கிக்கு, “15 ரூபாய் சேர்த்துக்கொள்” என்ற சொல் போகிறது. அதுவும் சரி என்றால் இரு பக்கமும் சேதி. உங்கள் திரையில் பச்சை டிக்!

இப்போது கதையிலேயே பெரிய ஆச்சரியம். அந்த நொடியில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை! இரண்டு பக்கமும் கணக்குதான் எழுதியிருக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நாளில் பலமுறை கூட்டிக் கழித்து, மிச்சத் தொகையை மட்டும் ரிசர்வ் வங்கியில் உள்ள தங்கள் கணக்குகள் வழியாக வங்கிகள் பிறகு தீர்த்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கான டீயும் வடையும் பூவும் ஒன்றுக்கொன்று கழிந்துபோய், கடைசியில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரே ஒரு தொகை!

2016 ஏப்ரல் 11 அன்று ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது தொடங்கிவைத்த ஏற்பாடு இந்த யுபிஐ. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிமாற்றங்களைத் தாண்டிவிட்டது. வகுத்துப் பாருங்கள், சராசரியாக நொடிக்கு 7,000-க்கும் மேல்! இத்தனை சில்லறைக்கும் வங்கிகளின் மையக் கணினி மூச்சுவாங்கக் கூடாதே என்றுதான் 2022-இல் பின் எண் கேட்காத யுபிஐ லைட் வந்தது.

சில நேரம் “பெண்டிங் காட்டுதுண்ணே” என்று கடைக்காரரும் நாமும் முழித்துக்கொண்டு நிற்போம். கழித்தாயிற்று, சேர்த்தாயிற்று என்ற பதில்தான் வரவில்லை. கடைக்குப் போக வேண்டிய பணம் இப்படி நடுவழியில் நின்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் புகார் கொடுக்காமலேயே தர வேண்டும். 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. பலருக்குத் தெரிவதில்லை.

சரி, நம் நாயகனிடம் வருவோம். பெட்டிக்குள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர், சின்னதாக ஒரு மின்பலகை. கடைக்காரரின் போனோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போன் அணைந்து கிடந்தாலும் தன் சிம் வழியாகச் சேதி வாங்கிப் பேசும். பேசவைக்க நட்சத்திரங்களே வந்துவிட்டார்கள். 2023-இல் போன்பே பெட்டிகளுக்கு அமிதாப் பச்சன் குரல் கொடுத்தார். பிறகு தெலுங்கில் மகேஷ் பாபு, மலையாளத்தில் மம்மூட்டி!

ஆனால் இந்தப் பெட்டி எதற்காக வந்தது என்று யோசித்தால் மனசு நெகிழ்கிறது. எண்ணெய்க் கையோடு வடை சுடுகிறவர் ஒவ்வொரு முறையும் போனை எடுத்து எஸ்எம்எஸ் பார்க்க முடியுமா? பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களும் இருந்தார்கள். கூட்ட நேரத்தில் யாரை நிறுத்திக் கேட்பது? கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்கு மாற்றியது இந்தப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத பூக்கார அம்மாவும் இப்போது யாரையும் கேட்காமல் தன் வரவைத் தெரிந்துகொள்கிறார். 2020 முதல் யுபிஐயில் கடைக்காரரிடம் பரிமாற்றக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதால், பெரும்பாலும் பெட்டி வாடகையோடு செலவு முடிகிறது. மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கமும் மெல்ல மறைந்து வருகிறது.

பயமும் இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில், யுபிஐ வரவை வைத்துக் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகள் அட்டையைக் கழற்றிவிட்டு, “ரொக்கம் மட்டும்” என்று எழுதி ஒட்டின. ஒவ்வொரு 15 ரூபாயும் தடம் விட்டுச் செல்கிறது. அந்தத் தடம் கடன் வாங்கவும் உதவும், நோட்டீஸையும் கொண்டுவரும்.

எனக்குள்ள ஒரே ஆதங்கம் வேறு. அடுத்த முறை பூ வாங்கும்போது திரையில் வரும் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். கடையில் அமர்ந்திருப்பது அம்மாவாக இருக்கும்; பெயர் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். பெட்டி அவர் முன்னால் பேசுகிறது, பணமோ இன்னொருவர் கணக்கில் விழுகிறது. விடியற்காலை சந்தைக்குப் போய்ப் பூ எடுத்துவந்து கட்டியவருக்கு அந்தக் கணக்கில் கைவைக்க உரிமை இல்லை என்றால், இத்தனை கணினிகள் ஓடி என்ன பயன்? உங்கள் தெருவிலோ வீட்டிலோ அப்படி ஓர் அம்மா இருந்தால், ஒரு நாள் வங்கிக்கு அழைத்துப்போய் அவர் பெயரிலேயே கணக்கும் அட்டையும் வாங்கிக்கொடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் வேண்டியதே இல்லை, யார் கேட்டாலும் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.