சீட் பத்திரம், பெட்டிக்குத்தான் போட்டி!
விமான வாசலில் முண்டியடிப்பு ஏன்?

விமானத்தில் சீட்டுக்கு நம்பர் உண்டு. யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆனாலும் டவுன் பஸ்சில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி வாசலில் தள்ளுமுள்ளு!

காரணம் சீட் அல்ல, பெட்டி!

15 டாலர்

2008-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், சரக்கில் போடும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கேட்டது. மற்ற பல கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. கையோடு கொண்டு போனால் காசு மிச்சமாச்சே! ஆனால் தலைக்கு மேலே உள்ள தட்டில் எத்தனை பெட்டிதான் வைப்பது? முந்தியவருக்கே இடம்.

கூட்டத்தைப் பிரிக்க குரூப் நம்பர். காசு கூடக் கொடுத்தவர், அடிக்கடி பறப்பவர் முதலில். மலிவு டிக்கெட்காரர் கடைசி!

72 பேர் சோதனை

பின் வரிசையை முதலில் ஏற்றினால் வேலை சுருக்காக முடியும் என்று தோன்றும். அதுதான் இல்லை! அமெரிக்க விஞ்ஞானி ஜேசன் ஸ்டெபன், மாதிரி விமானத்தில் 72 பேரை ஏற்றிப் பார்த்தார். 2011-ல் முடிவு வெளியானது.

பின் வரிசையிலிருந்து ஏற 6 நிமிஷம் 11 வினாடி. இஷ்டம்போல் ஏற 4 நிமிஷம் 44 வினாடி. ஜன்னல் சீட், நடு சீட், ஓர சீட் என்று ஏற 4 நிமிஷம் 13 வினாடிதான்!

அடுத்தடுத்த வரிசைக்காரர்கள் ஒரே இடத்தில் பெட்டி தூக்கினால், பின்னால் வருகிறவர் நின்றுதானே ஆகவேண்டும்?

2023-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ், சாதா வகுப்பில் ஜன்னல்காரர்களை முன்னால் விடத் தொடங்கியது.

'பீப்' சத்தம்

2024-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பல விமான நிலையங்களில் புது ஏற்பாடு செய்தது. முறை வருமுன் சீட்டை நீட்டினால் 'பீப்' சத்தம்! அத்தனை பேர் முன்னாலும் அசடு வழியத் திரும்ப வேண்டியதுதான்!