உம்மும்மாவை நீங்களே வரையுங்கள்



உங்கள் உம்மும்மாவின் இளமைக்காலப் படம் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா? தீவகத்துக் குடும்பங்களில் இதைக் கேட்டால், பல வீடுகளில் சற்று நேரம் மௌனம்தான் பதிலாக வரும். 1990-இல் ஊர்காவற்றுறைப் பக்கம் சண்டை மூண்டபோது கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள்; பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். உடுத்த உடுப்போடு புறப்படுகிறவர் கல்யாண அல்பத்தையா தேடுவார்? அன்று முப்பது வயதில் பிள்ளையை இடுப்பில் சுமந்து போனவர்கள்தாம், இன்று அறுபத்தைந்தைத் தாண்டி, நம் வீட்டு விறாந்தையில் உம்மும்மாக்களாக அமர்ந்திருக்கிறார்கள்.

கைப்பேசியில் நூறு படம் பிடிக்கலாமே என்பீர்கள். தாராளமாகப் பிடியுங்கள். ஆனால் கைப்பேசிக்கு முன் அவர் ஒரு நொடிதான் இருப்பார். நீங்கள் தூரிகையோடு உட்கார்ந்தால் அரைமணி நேரம் இருப்பார், அந்த அரைமணியும் பேசிக்கொண்டே இருப்பார். படம் சரியாக வராவிட்டாலும் அந்தப் பேச்சு உங்களுக்கு மிச்சம்.

நீர்வர்ணத்தில் முகம் வரையப் பழகும் நம் பெண்பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். எங்கோ ஒரு நாட்டு ஓவியர் வரைந்த வெளிறிய கன்னத்தையும் சிவந்த மூக்கு நுனியையும் கைப்பேசியில் பார்த்து, அதே வர்ணக் கலவையை நம் வீட்டு முகத்தின் மேல் ஏற்றுகிறார்கள். கை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் படத்தில் இருப்பது உம்மும்மா அல்ல. யாரோ ஒரு விருந்தாளி! "எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்?" என்று பிறகு கவலைப்படுகிறார்கள்.

பாணி வெளியிலிருந்து வருவதில்லை. யாழ்ப்பாணத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சித்திர ஆசிரியர்களுக்கு வழிகாட்டிய எஸ்.ஆர். கனகசபை 1938-இல் அங்கே 'வின்ஸர் ஆர்ட் கிளப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கண்முன் இருப்பதைப் பார்த்து வரையும் பழக்கம் அப்படித்தான் அந்த மண்ணில் ஊன்றியது. பின்னர் வந்தவர் அ. மாற்கு. தீவுகளை நோக்கிய கடற்கரையிலுள்ள குருநகரில் 1933-இல் பிறந்தவர். 2000-ஆம் ஆண்டில் மறையும் வரை ஓவியத்தைக் கற்றுக்கொடுப்பதையே தம் வாழ்க்கையாகக் கொண்டிருந்தார். போர்க்காலத்தில் அவரிடம் பயின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான வாசுகி, போரையும் பெண்களின் துயரையும் தம் வழியில் வரைந்து பெயர் பெற்றார். தம் கையை மாணவியின் கையில் ஒட்டவைக்காத ஆசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. அப்படிப்பட்டவர் கிடைக்காதவர்கள், குறைந்தபட்சம் கைப்பேசியை ஆசிரியராக்காமல் இருக்கலாமே!

இன்னும் பின்னே போனால், முகலாய அரசர் ஜஹாங்கீர் 1613-இல் பாரசீகத்துக்குத் தூதுக்குழுவை அனுப்பியபோது பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் சேர்த்து அனுப்பினார். ஷா அப்பாஸின் சாயலைப் பிடித்து வரவேண்டும் என்பதே அவருக்கிட்ட பணி. சாயல் பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை என்பது ஜஹாங்கீரின் கணிப்பு. அவை தண்ணீரில் கரைத்த வர்ணத்தால் தாளில் வரைந்தவையே. 1975-இல் மறைந்த லாகூர் ஓவியர் அப்துர் ரஹ்மான் சுக்தாயோ வேறு வழி போனார். வர்ணம் பூசிய தாளைத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, மீண்டும் பூசுவது வங்காள ஓவியர்களின் முறை. அதை எடுத்துக்கொண்டு, முகலாயக் கோட்டின் மென்மையையும் சேர்த்தார். தூரத்திலிருந்து பார்த்தே 'இது சுக்தாய்' என்று சொல்லிவிடலாம்.

உருவம் வரையலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் எழாமல் இராது. அறிஞர்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. முகத்தைத் தவிர்க்க விரும்பும் சகோதரி, உம்மும்மாவின் மூக்குக்கண்ணாடியையும் வெற்றிலைத் தட்டத்தையும் அவர் எழுந்துபோன சாய்மனைக் கதிரையையும் வரையட்டும். பார்க்கிற பேரப்பிள்ளைக்கு யாருடையது என்று தெரியும்.

சரி, தீவகத்து முகத்தை எப்படிப் பார்ப்பது? முதலில் வெளிச்சம். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ பத்து மணிக்கு மேல் வெயில் உச்சியிலிருந்து விழும். வெளியில் நிற்பவரின் கண்குழி கறுத்துவிடும். அதே ஆளை விறாந்தை நிழலில் இருத்திப் பாருங்கள். முற்றத்து வெண்மணலிலும் கடற்கல் மதிலிலும் பட்ட ஒளி திரும்பிவந்து, நாடியின் கீழும் மூக்கின் அடியிலும் இளஞ்சூடாகப் படியும். மேல்நாட்டுப் படங்களில் இருண்டுபோகும் இடம் நமக்கு மினுங்குகிறது! இதை ஒருமுறை கண்டுகொண்டவர் மற்றவர் படத்தைப் பார்த்து நிழல் தீட்டமாட்டார்.

அடுத்தது நிறம். கறுப்பு வர்ணத்தைப் பெட்டியிலேயே மூடி வையுங்கள். யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், ஒரு சிவப்பு, இந்த நான்கும் போதும். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கறுப்புக்குக் கிட்டிய கரும்பழுப்பு வரும். வெயிலில் உழைத்த தோலின் ஆழம் அதில்தான் இருக்கிறது. உம்மும்மாவின் வெள்ளை முக்காட்டுக்கு வர்ணமே வேண்டாம். தாளை அப்படியே விட்டுவிட்டு, மடிப்பின் நிழலை மட்டும் மெல்லிய நீலச் சாம்பலில் தொட்டால் போதும். எதைத் தீட்டாமல் விடுகிறோம் என்பதில்தான் ஒருவருடைய கை முதலில் வெளிப்படும்.

தண்ணீரையும் சொல்லவேண்டும். தீவகத்தில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். உப்பு ஈர வர்ணத்தை இழுத்துப் புள்ளி புள்ளியாக்கும்; வேண்டுமென்றே உப்புத் தூவி அந்த விளைவைப் பெறும் ஓவியர்களும் உண்டு. ஆனால் கன்னத்தில் அது தழும்பு போலத் தெரியும். மழைத்தண்ணீரைப் போத்தலில் பிடித்து வையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பூசிய வர்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். மாரியில் காயவே காயாது. காயாத வர்ணத்தின் மேல் அடுத்ததைப் பூசினால் சேறுதான். பொறுமையில்லாதவர்கள் மாரியில் பென்சிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தாள் 300 கிராம் தடிப்புள்ளதாக இருந்தால் சுருங்காது. விலைதான், இரண்டாக வெட்டிப் பாவியுங்கள்.

இப்போது முக்கியமான காரியம். ஒரே முகத்தைப் பத்து முறை வரையுங்கள். வேறு வேறு நாளில், ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நேரம் குறைந்தால் அலங்காரத்துக்கு இடமிராது. பிடிக்காததைக் கிழிக்காதீர்கள். பத்தும் முடிந்தபின் பாயில் பரப்பிவைத்துப் பாருங்கள். உங்களை அறியாமல் ஏதோ ஒன்று எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒரு பக்கக் கன்னத்தின் ஓரம் கரைந்து பின்சுவரோடு கலந்திருக்கலாம். கண்ணை விரிவாகத் தீட்டி, வாயை இரண்டே தொடலில் முடித்திருக்கலாம்.

அது பிழையா, பாணியா? இந்த இடத்தில் பலர் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். பத்துப் படத்திலும் காது கீழிறங்கி இருந்தால் அது பிழை, அளந்து திருத்துங்கள். கரைந்த கன்னமோ, அவரை அறிந்தவர்கள் பார்த்து 'ஓம், இது அவதான்' என்று சொல்லத் தடையாக இல்லையென்றால், உங்களுடையது. அதை விடாதீர்கள். பதினோராவது படத்தில் அறிந்தே செய்யுங்கள்.

முடித்த தாளின் பின்புறம் பெயரையும் ஊரையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். நேர்வெயில் படும் சுவரில் மாட்டவேண்டாம். சிவப்பு வர்ணங்களில் சில சீக்கிரம் வெளிறிவிடும். சட்டம் போடுபவரிடம், கண்ணாடி தாளில் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகமும் சேர்ந்து வந்துவிடும்.