கொடுக்காப்புளியின் கூட்டாளிகள்

கோடை தொடங்கும்போது பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் சுருள் சுருளாகக் கொடுக்காப்புளி குவிந்திருக்கும். கன்னடத்தில் கேட்டால் ‘சீமே ஹுணசே’. நம்மூர்ப் பண்டம் என்றே நினைக்கிறோம். ஆனால் அந்த முள்மரத்தின் பிறந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் வறண்ட காடுகள். ஸ்பானியர் வழியாக பிலிப்பைன்ஸ் சேர்ந்து, பிறகு இந்தியா வந்தது. இங்கே எப்படி வேர்விட்டது பாருங்கள்: 1790-களில் வில்லியம் ராக்ஸ்பரோ இதற்கு அறிவியல் பெயர் வைத்ததே சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய நூலில்தான்!

வறண்ட காட்டில் பச்சை இலைக்குப் பகை அதிகம். அதனால் இலையடிச் செதில்கள் இரண்டும் முள்ளாகிவிட்டன. ஆடுமாடுகளுக்கு முள் சரி, பூச்சிகளுக்கு? இலைக்காம்பு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு குட்டிச் சுரப்பி இருக்கிறது. பூவே இல்லாத இடத்தில் தேன்! அதைத் தேடி எறும்புகள் வருகின்றன. வந்த இடத்தில் இலை தின்னும் பூச்சிகளையும் விரட்டுகின்றன.

உரம்? நாம் இழுக்கும் மூச்சில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், ஆனால் எந்த மரமும் அதை நேரடியாக உண்ண முடியாது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதை உரமாக்கித் தருகிறது. கூலி, மரம் தரும் சர்க்கரை.

எனக்கு மிகப் பிடித்தது பூ. வெண்பச்சைப் பஞ்சுருண்டை போல் தெரிவது இதழல்ல, மகரந்தக் காம்புகள். மகரந்தமும் தூள் தூளாக உதிர்வதில்லை. பல மணிகள் ஒட்டிய ‘பன்மணி’க் கொத்தாகப் பயணிக்கிறது. தேனீ ஒரே ஒரு கொத்தைச் சரியான இடத்தில் சேர்த்தால் போதும், ஒரு காயின் பல விதைகளுக்கு ஒரே தந்தை கிடைத்துவிடும்.

காய் முற்றியதும் முறுக்கிக்கொண்டு வெடிக்கிறது. வெள்ளையும் ரோஸுமான சதையில் கறுப்பு விதை பளபளக்கிறது. விதையின் காம்பு வீங்கி உண்டான அந்தச் சதைக்கு ‘ஏரில்’ என்று பெயர். பறவைகளுக்கு விரித்த பந்தி அது. அழைக்காமலே நாமும் உட்கார்ந்துவிட்டோம். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு டானின்களின் வேலை.

கறுப்புத் தோலை மட்டும் உரித்து, உள்ளிருக்கும் பழுப்புத் தோல் கிழியாமல் எடுக்கப் போட்டி போட்டவர்கள் நம்மில் பலர். இனி மரத்தைக் கண்டால், காயைப் பறிக்குமுன் இலைக்காம்பின் கவட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எறும்பு நிற்கலாம்.